சடையன் திறக்காத கதவு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் யாராவது மிச்சம் இருந்து சண்டைக்கு வருவார்கள். அந்த நாட்டு அரண்மனையில், ஒரு நாள் காலை, ஆலோசனை மண்டபத்தில் இருந்தவர்கள் பின்வருமாறு:

அரசர் குமுதகேசரி, உயர்ந்த ஆசனத்தில், செரிக்காத வயிறும் தூங்காத கண்ணுமாக. தலைமை அமைச்சர் அனந்தசயனர், அரசருக்கு வலப்பக்கம், மிகவும் சந்தோஷமாக. பொக்கிஷதார் குபேரப்பர், பத்து விரலிலும் பத்து மோதிரத்தோடு. ராஜகுரு சாம்பமூர்த்தி, கண்ணை மூடியபடி. அது தியானமா தூக்கமா என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. சேனாதிபதி வாளரசர், இடுப்பில் வெறும் உறையோடு. மண்டபத்துக்குள் ஆயுதம் வரக்கூடாது என்பது வழக்கம். வாளை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். கடைசியாக, தூணோரத்தில், விகடக்காரன் பூதலிங்கன். பெயர்தான் அப்படி. ஆள் காய்ந்த முருங்கைக்காய்.

கதவுக்கு வெளியே வாசல்காவல் சடையன் நின்றான். அவனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வாசல்காரனை யாரும் எண்ணுவது கிடையாது.

இத்தனை பேரும் கூடக் காரணம் ஒரு குதிரை வியாபாரி. கடல் கடந்து வந்தவன். குதிரை விற்றது போக, கேட்காமலே கதையும் விற்றான். ஒரு நாட்டில் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஆள்கிறார்களாம். இன்னொன்றில் யாரிடம் பொன் அதிகமோ அவர்கள் ஆள்கிறார்களாம். ஒன்றில் பூசாரி வாயால் தெய்வம் ஆள்கிறதாம். ஒன்றில் படைத்தலைவன். இன்னொன்றில் குடிமக்கள் எல்லோரும் ஆளுக்கொரு கல்லைப் பானைக்குள் போட்டு, ஆள்பவனைத் தேர்ந்தெடுக்கிறார்களாம்.

"இவர்களில் ராஜா யார்?" என்று கேட்டார் குமுதகேசரி.

"ராஜா கிடையாது பிரபு."

"ராஜா இல்லாமல் காலையில் யாரைப் பார்த்துக் கும்பிடுவார்கள்?"

வியாபாரி காசை முடிந்துகொண்டு போய்விட்டான். அரசருக்குத்தான் தூக்கம் போயிற்று. தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று வேறு நாட்டில் இருக்கிறது என்றால் அவரால் தாங்க முடியாது. போன வருஷம் இப்படித்தான் ஒட்டகச்சிவிங்கி கேட்டு எல்லோரையும் பாடாய்ப் படுத்தினார்.

மறுநாள் சபையில் சொன்னார்: "அந்த ஆட்சிகள் எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டும். ஊர் ஊராக அலைய முடியாது. இந்த அரண்மனைக்குள்ளேயே, ஒரே நாளில். ஒவ்வோர் ஆட்சியிலும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். யார் காட்டுவீர்கள்?"

அனந்தசயனர் மட்டும் எழுந்தார்.

"மன்னர்மன்னா! இத்தகைய நுட்பமான காரியத்துக்கு நம் பூதலிங்கனை விட்டால் வேறு யார்?"

அனந்தசயனர் பூதலிங்கனைப் புகழ்கிறார் என்றால் குழி தோண்டி முடித்துவிட்டார் என்று பொருள். அமைச்சர் யோசனை சொல்லும்போது அரசர் தூங்குவார். பூதலிங்கன் வாயைத் திறந்ததும் விழித்துக்கொள்வார். இவ்வளவுதான் பகை. இதற்கு மேல் ஒரு பகைக்குக் காரணம் தேவையில்லை.

"ஆனால் ஒரு நிபந்தனை," என்றார் அமைச்சர். "அதிகாரம் அரசரிடம் இல்லை என்று எவன் வாயால் சொன்னாலும் அது ராஜத்துரோகம். அவனைப் பாதாள அறையில் அடைக்க வேண்டும்."

"நியாயம்," என்றார் அரசர்.

"எல்லா ஆட்சியிலும் அதிகாரம் அரசரிடமே இருக்கிறது என்று இவன் சொன்னால், அது பச்சைப் பொய். அந்த நாடுகளில் அரசரே இல்லை. அரசரிடம் பொய் சொன்னவனுக்கும் பாதாள அறை."

"அதுவும் நியாயம்."

"ஒன்றுமே சொல்லாமல், காட்டவும் காட்டாமல் நின்றால் கட்டளையை மீறியவன். அவனுக்கும்..."

"புரிகிறது, புரிகிறது," என்றார் அரசர். "பூதலிங்கா, ஆரம்பி."

"இரண்டு நாள் அவகாசம் வேண்டும் அரசே."

"எடுத்துக்கொள்."

அன்று மாலையே அனந்தசயனர் பூதலிங்கனைக் கூப்பிட்டு, பாதாள அறையைச் சுற்றிக் காட்டினார். புதுமனை பார்க்க வந்த சம்பந்தியைக் கூட்டிப்போவது போல அவ்வளவு உபசாரம். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒரு மண்பானை. ஒரு கோரைப்பாய். சன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் உண்டு. திரும்பி வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"வசதி எப்படி?" என்றார் அமைச்சர்.

"எனக்கு மட்டும் இவ்வளவு இடம் எதற்கு? இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம்."

"நக்கலா? கதவைப் பார்."

கதவில் ஒரு பூட்டு தொங்கியது. யாளி முகம் போட்ட பித்தளைப் பூட்டு. பூசணிக்காய் அளவு.

"பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டது," என்றார் அமைச்சர். "அரண்மனை முழுக்கத் தேடி, இருப்பதிலேயே பெரிய பூட்டாகக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். உனக்காக."

பூதலிங்கன் அந்த யாளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கேயோ பழகிய முகம். எங்கே என்று நினைவு வந்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டான். முகத்தில் இருந்ததை அமைச்சர் பார்த்துவிடக் கூடாது.

"என்ன, அழுகையா?" என்றார் அமைச்சர்.

"ஆமாம் ஐயா. நெஞ்சடைக்கிறது," என்றான் பூதலிங்கன்.

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. ஆலோசனை மண்டபம், அரசர், நான்கு பெரிய மனிதர்கள், தூணோரம் ஒரு முருங்கைக்காய்.

பூதலிங்கன் வணங்கிவிட்டுச் சொன்னான்: "அரசே, ஐந்து ஆட்சி. ஐந்துக்கும் ஒரே ஒரு கட்டளை. 'கதவைத் திற, சாப்பாட்டை உள்ளே கொண்டுவா.' எந்த ஆட்சியில் யார் சொல்லிக் கதவு திறக்கிறதோ, அதிகாரம் அவர் கையில். தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். என் வாயிலிருந்து ஒரு சொல்லும் தேவையில்லை."

அரசருக்கு இது பிடித்திருந்தது. சாப்பாடு சம்பந்தப்பட்ட எதுவும் அவருக்குப் பிடிக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அரண்மனையில் அரசர் கை கதவில் படக்கூடாது. இவருடைய பாட்டனார் ஒருமுறை கதவிடுக்கில் சுண்டுவிரலை நசுக்கிக்கொண்டாராம். அன்றிலிருந்து வழக்கம். அரசர் தொடாததை அமைச்சர் தொட்டால் அமைச்சருக்கு என்ன மரியாதை? எனவே அமைச்சர்களும் தொடுவதில்லை. அமைச்சர் தொடாததைச் சேனாதிபதி தொடுவாரா? காலப்போக்கில், பெரிய மனிதர் என்றால் கதவைத் தொடாதவர் என்றே ஆகிவிட்டது. அவர்கள் நடந்து போவார்கள், கதவு திறக்கும். கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது.

"சடையா!" என்று கூப்பிட்டார் அரசர்.

கதவிடுக்கில் ஒரு மீசை தெரிந்தது. "சாமி!"

"கதவைச் சாத்து. இன்று நான் அரசன் இல்லை. உள்ளே யார் ஆள்கிறார்களோ அவர் சொன்னால் மட்டும் திற. வேறு யார் சொன்னாலும் திறக்காதே."

மீசை யோசித்தது. "நீங்க ராசா இல்லைன்னு சொல்றது யாருங்க? ராசாவா?"

"ராஜாதான் சொல்கிறேன்."

"அப்ப சரிங்க."

தடால் என்று கதவு சாத்திக்கொண்டது. பூதலிங்கன் அடுத்த சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அது வரவில்லை. நிம்மதியாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"முதலில் மூத்தோர் ஆட்சி," என்றான். "உள்ளே இருப்பவர்களில் மூத்தவர் தலைமை. அவர் சொன்னால் கதவு திறக்கும்."

"அப்படியானால் நான்தான்," என்றார் அனந்தசயனர். "எனக்கு அறுபத்தைந்து."

"எனக்கு எழுபது," என்றார் சேனாதிபதி.

"போன மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில் நாற்பத்திரண்டு என்றீராமே?"

"அது வேறு கணக்கு. இது ராஜ்ய விவகாரம்."

"எனக்கு எழுபத்து மூன்று," என்றார் குபேரப்பர்.

"உம்முடைய அப்பாவுக்கே எழுபத்தொன்றுதானே ஐயா!"

"என் தகப்பனாரைச் சபைக்கு இழுக்காதீர்!"

ராஜகுரு கண்ணைத் திறந்தார். "சிறு பிள்ளைகளே, சண்டை வேண்டாம். எனக்கு நானூற்று எட்டு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"முந்தைய பிறவிகளையும் சேர்த்து," என்றார் ராஜகுரு.

அதன் பிறகு கொஞ்ச நேரம் யார் என்ன கத்தினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நேற்றுவரை மையைத் தேய்த்து நரையை மறைத்தவர்கள், இன்று தலைமுடியை விலக்கி விலக்கி நரையைக் காட்டினார்கள். குபேரப்பர் ஆடும் பல் ஒன்றை அரசருக்கே ஆட்டிக் காட்டினார். கடைசியில் நால்வரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூத்தவர் யார் என்பதை ஆராய ஒரு சிறு குழு அமைப்பது. அந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

"போதும்," என்றார் அரசர். சமையற்கட்டுப் பக்கமிருந்து வேப்பம்பூ தாளிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. "அடுத்தது."

"செல்வர் ஆட்சி அரசே. பொன் யாரிடமோ அவரே ஆள்பவர்."

குபேரப்பர் முன்னால் வந்தார். இதில் போட்டியே இல்லை. ஒரு மோதிரத்தைக் கழற்றிக் கதவின் கீழ் இடுக்கில் தள்ளிவிட்டு, "சடையா, செல்வர் ஆட்சி நடக்கிறது. அது உனக்கு. கதவைத் திற," என்றார்.

"வந்துச்சுங்க. சின்ன விரலுக்குத்தான் சேருது. பெருசா ஏதும் இருக்குங்களா?"

இன்னொன்று போயிற்று. "இது பரவால்லீங்க. இதுக்கு ஜோடி இருந்தா நல்லாருக்கும்." ஜோடியும் போயிற்று. அப்படியே ஒவ்வொன்றாக எல்லாம் போயின. கடைசி மோதிரம் மட்டும் எளிதில் கழலவில்லை. குபேரப்பர் எச்சிலைத் தொட்டுக் கழற்றினார்.

"இப்போது திற!"

"ஒரு சந்தேகமுங்க. பொன்னு யாருகிட்டயோ அவங்கதான் ஆளுறதுன்னு சொன்னீங்க?"

"ஆமாம்."

"உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. என்கிட்ட பத்து இருக்கு. அப்ப இப்ப ஆளுறது யாருங்க?"

குபேரப்பர் தன் வெறும் விரல்களைப் பார்த்தார். பிறகு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அரசர் கன்னத்தைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வாய்விட்டுச் சிரிக்கப் பசி விடவில்லை. "அடுத்தது!"

தெய்வத்தின் ஆட்சி சீக்கிரம் முடிந்துவிட்டது. ராஜகுரு கதவருகே போய், நெற்றியில் விபூதியைப் பூசிக்கொண்டு, கனத்த குரலில், "சடையா! தெய்வம் கட்டளையிடுகிறது. திற!" என்றார்.

"தெய்வம் சொன்னா மறுபேச்சு உண்டுங்களா சாமி. ஆனா இப்ப ராகு காலமாச்சே. ராகு காலத்துல இந்தக் கதவு திறந்தா ராச வம்சத்துக்கு ஆகாதுன்னு நீங்கதானே போன ஆடியில சொன்னீங்க? தெய்வம் சொல்லுச்சுன்னுதான் சொன்னீங்க. இப்ப எந்த தெய்வத்தைக் கேக்கறது? ஆடியில பேசினதையா, இப்பப் பேசறதையா?"

போன ஆடியில் ராஜகுருவுக்கு ஒரு பகல் தூக்கம் தேவைப்பட்டிருந்தது. அதற்காகச் சொன்னது அது. அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதென்ன கெஞ்சல்!" என்று எழுந்தார் வாளரசர். "படையின் ஆட்சி எப்படி என்று காட்டுகிறேன். அடேய் சடையா! ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். அதற்குள் திறக்கவில்லையென்றால் கதவைப் பிளந்து, உன்னையும் சேர்த்துப் பிளப்பேன்!" என்று சொல்லி, உறையில் கையை வைத்தார்.

உறை காலி.

"வாளு என்கிட்டதானே இருக்கு, சேனாதிபதி ஐயா," என்றான் சடையன். "பத்திரமா இருக்கு. கவலைப்படாதீங்க."

பூதலிங்கன் தூணில் சாய்ந்து தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் காதெல்லாம் அனந்தசயனர் பக்கம். அமைச்சர் இந்தக் கூத்து எதையும் ரசிக்கவில்லை. அவர் பார்வை பூதலிங்கனின் உதட்டை விட்டு அசையவே இல்லை. அந்த ஒரு வாக்கியம் எப்போது வரும் என்று கொக்கைப் போலக் காத்திருந்தார்.

"நான்கு ஆட்சி போயிற்று," என்றார் அமைச்சர் இனிமையாக. "பூதலிங்கா, அதிகாரம் யாரிடம் இருப்பதாக உனக்குத் தோன்றுகிறது? சும்மா சொல்."

"இன்னும் குடிமக்கள் ஆட்சி பாக்கி ஐயா."

அரசரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு கொட்டைப்பாக்கை எடுத்துக்கொண்டார்கள். யாரைத் தலைவராக்க விருப்பமோ அவர் முன்னால் பாக்கை வைக்க வேண்டும்.

"கோமாளிக்கு வாக்கு கிடையாது," என்றார் அனந்தசயனர். "அவன் விசாரணையில் இருப்பவன்."

"கொடுத்தாலும் மென்று தின்றுவிடுவேன்," என்றான் பூதலிங்கன்.

ஐந்து பேர் பாக்கை வைத்தார்கள். அரசர் முன்னால் ஒரு பாக்கு. அமைச்சர் முன்னால் ஒரு பாக்கு. பொக்கிஷதார், ராஜகுரு, சேனாதிபதி, ஒவ்வொருவர் முன்னாலும் ஒவ்வொரு பாக்கு. ஐந்து பேரும் தங்களுக்கே போட்டுக்கொண்டார்கள்.

அரசர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் யாருமே எனக்குப் போடவில்லையா?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"சமமாக நிற்கிறது அரசே," என்றான் பூதலிங்கன். "ஆனால் குடிமகன் ஒருவன் வெளியே இருக்கிறான். அவனும் ஒரு பாக்குப் போட்டால் முடிவாகிவிடும்." சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து இன்னொரு பாக்கை எடுத்துக் கதவின் அடியில் உருட்டிவிட்டான்.

அதன் பிறகு நடந்ததை அந்த மண்டபத்தின் தூண்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நாட்டின் பெரிய தலைகள் எல்லாம் வரிசையாகக் குனிந்து, கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசின.

"சடையப்பா, நலமா? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" இது அனந்தசயனர். சடையனுக்கு வீடு உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தோன்றியிருக்கும்.

"தம்பி சடையா, உனக்கு என்ன வேண்டும் சொல்," என்றார் சேனாதிபதி.

"எனக்கா?" என்றான் சடையன். "நாள் பூரா நின்னு நின்னு காலு வீங்கிக்கெடக்கு. உக்கார ஒரு முக்காலி இருந்தா..."

"முக்காலி என்னப்பா, நாற்காலியே தருகிறேன்!"

"நான் மெத்தை போட்ட நாற்காலி!"

"நான் கட்டில்!"

"கட்டிலில் படுத்தால் காவல் எப்படிக் காப்பான்? முட்டாளே!"

"அதைப் பற்றிப் பேச ஒரு சிறு குழு..."

அரசர் குமுதகேசரி எல்லோரையும் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்தார். மணிமுடி நழுவி மூக்கில் நின்றது. "சடையா, நான்தான். என்னைத் தெரியும் அல்லவா? எனக்கே போடு. என் சிம்மாசனத்தையே கொண்டுவந்து போடச் சொல்கிறேன். மத்தியானம் மட்டும் உட்கார்ந்துகொள்."

வெளியே சடையன் பெருமூச்சு விடுவது கேட்டது.

"சாமி, இத்தனை வருசமா இந்த வாசல்ல நிக்கறேன். என்ன வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இன்னிக்கு அஞ்சு பேரு கேக்கறீங்க. இந்தப் பாக்கைப் போட்டுட்டேன்னா, நாளைக்கும் கேப்பீங்களா?"

ஐந்து பேரும் கதவிடுக்கிலிருந்து வாயை எடுத்தார்கள்.

"அதான். பாக்கு என் மடியிலயே இருக்கட்டும். சாப்ட்டு வந்து யோசிச்சுச் சொல்றேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போய் அடங்கிற்று.

அரசர் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "எந்த ஆட்சியும் வேண்டாம்! நான் மறுபடியும் அரசன்! கேட்கிறதா? இது அரச கட்டளை! கதவைத் திற!" என்று முழங்கினார். கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. கதவு அப்படியே நின்றது. கேட்க அங்கே யாருமில்லை. சமையற்கட்டிலிருந்து அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தது.

அரசர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். உயர்ந்த ஆசனம் வரைக்கும் நடக்கத் தெம்பில்லை. கதவையே வெறித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், தனக்கே சொல்வது போலச் சொன்னார்:

"அதிகாரம் அரசரிடம் இல்லை. இங்கே யாரிடமும் இல்லை. அது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இப்போது சோறு தின்னப் போயிருக்கிறது."

"சொல்லிவிட்டான்!" என்று துள்ளிக் குதித்தார் அனந்தசயனர். காலையிலிருந்து அந்த ஒரு வாக்கியத்துக்காக இழுத்துக் கட்டியிருந்த வில் அவர். காதில் விழுந்ததும் அவரே அறியாமல் விடுபட்டுவிட்டது. "ராஜத்துரோகம்! அதிகாரம் அரசரிடம் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டான்! எல்லோரும் கேட்டீர்கள்! பாதாள அறையில் அடையுங்கள் துரோகியை!"

நீட்டிய விரல் பூதலிங்கனை நோக்கி இருந்தது. பூதலிங்கனின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கீழே கிடந்த ஐந்து பாக்கையும் பொறுக்கி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். அந்த வாயோடு ஒரு சொல்லும் சொல்லியிருக்க முடியாது. அவன் மெதுவாக, வாயைத் திறக்காமல், கண்ணால் அரசரைக் காட்டினான்.

அனந்தசயனரின் விரல் காற்றிலேயே வளைந்தது.

"யாரை அடைக்க வேண்டும் அமைச்சரே?" என்றார் அரசர்.

"மன்னா... அது... குரல் ஒரே மாதிரி..."

"துரோகி என்றீரே."

"பொதுவாகச் சொன்னேன்."

அரசர் பூதலிங்கன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். காட்டச் சொன்னதைக் காட்டிவிட்டாய். நீ தப்பித்தாய். இப்போது இங்கிருந்து வெளியே போக ஏதாவது வழி இருந்தால் சொல். அப்பளம் நமுத்துவிடும்."

பூதலிங்கன் பாக்கைத் துப்பிவிட்டு எழுந்தான். கதவருகே போனான். ஒற்றை விரலால் தள்ளினான்.

கதவு திறந்தது. வெளியே வெயிலும், வெறும் தாழ்வளையமும். தாழ்வளையத்தில் பூட்டு இல்லை.

எல்லோரும் குனிந்து தாழ்வளையத்தைப் பார்த்தார்கள்.

"பூட்டு எங்கே?" என்றார் அரசர்.

"பாதாள அறைக் கதவில் தொங்குகிறது அரசே. இரண்டு நாளாக. என்னை அடைப்பதற்கு அரண்மனையிலேயே பெரிய பூட்டு வேண்டும் என்று அமைச்சர் தேடினார். அரண்மனையில் பெரிய பூட்டு இந்த மண்டபத்துப் பூட்டுத்தான். யாளி முகம் போட்டது."

"காலையிலிருந்து இந்தக் கதவு பூட்டப்படவே இல்லையா?"

"இல்லை அரசே."

"ஏனடா சொல்லவில்லை?"

"ஐந்து ஆட்சியும் வெளியே இருந்தவனிடம்தான் திறக்கச் சொன்னது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாக வாயைத் திறந்தால் பாதாள அறை. தாங்கள் யாராவது ஒருவர் ஒரு முறை தள்ளிப் பார்த்திருந்தால் நான் அப்போதே தோற்றிருப்பேன். தள்ள மாட்டீர்கள் என்று நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன்."

அந்தச் சமயம் பார்த்துச் சடையன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஒரு கையில் சேனாதிபதியின் வாள். மற்றொரு கை மடிக்குள் இருந்தது. மோதிரங்களும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். திறந்த கதவையும் அரசரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பூட்டு இல்லை என்று உனக்குத் தெரியாதா?" என்றார் அரசர்.

"தெரியுமுங்க சாமி. பூட்டில்லாத வாசலுக்குக் காவக்காரன் எதுக்குன்னு வேலையப் புடுங்கிட்டீங்கன்னா? அதான் பேசாம இருந்தேன்." தலையைச் சொறிந்தான். "நான் இன்னும் பாக்குப் போடலைங்களே. அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?"

அரசர் முதலில் இருமினார். பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ராஜகுருவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடி கழன்று உருண்டது. அதை எடுக்கக்கூட முடியாமல் சிரித்தார். சிரித்து முடித்ததும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கன் கழுத்தில் போட்டார். காய்ந்த முருங்கைக்காயில் அது இரண்டு சுற்றாக விழுந்தது.

"சடையனுக்கு ஒரு முக்காலி," என்றார். "மெத்தை போட்டது. மோதிரங்கள்..."

குபேரப்பர் நம்பிக்கையோடு எழுந்தார்.

"...செல்வர் ஆட்சியில் கைமாறியவை. நான் தலையிட முடியாது."

குபேரப்பர் உட்கார்ந்தார்.

"அனந்தசயனரே," என்று அரசர் திரும்பினார். குரலில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. ஆனால் அமைச்சருக்கு அது சிரிப்பாகக் கேட்கவில்லை. "அறையைக் கழுவி வைத்தீர். பானை வைத்தீர். பாய் போட்டீர். என் மண்டபத்தையே திறந்துபோட்டுவிட்டுப் பூட்டையும் கொண்டுபோய் மாட்டினீர். இவ்வளவு ஏற்பாட்டை வீணாக்கக் கூடாது. பாக்கை உமக்கே போட்டுக்கொண்டீர் அல்லவா? நாளைக் காலை வரை அந்த அறைக்கு நீர்தான் அரசர். மூத்தோரும் நீரே, செல்வரும் நீரே, குருவும் படையும் குடிமக்களும் நீரே. எந்த ஆட்சி பிடிக்கிறதோ நடத்திப் பாரும்."

சடையன் முன்னால் நடந்தான், அமைச்சர் நடுவில், பூதலிங்கன் பின்னால். சாப்பாட்டுக்கு அரசர் கூப்பிட்டும் அவன் போகவில்லை. முடிந்ததைக் கண்ணால் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

பாதாள அறையின் வாசலில் அனந்தசயனர் நின்றார். வழக்கம்போல், கதவு தானாகத் திறக்கும் என்று. திறந்தது. சடையன்தான் திறந்தான். அவர் உள்ளே போய்ப் பாயைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், திரும்பினார்.

"சடையா," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சபைக் குரலை வரவழைத்து, "தலைமை அமைச்சர் சொல்கிறேன். கதவைச் சாத்தாதே."

"உள்ள இப்ப எந்த ஆட்சிங்க?" என்று கேட்டான் சடையன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அமைச்சர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

பூதலிங்கன் கழுத்து முத்துக்களை விரலால் உருட்டிக்கொண்டு, சடையன் இடுப்பில் தொங்கும் சாவியைப் பார்த்தபடி நின்றான். இவ்வளவு நாளும் அந்தச் சாவி அங்கேதான் தொங்கியிருக்கிறது. நாளைக்கும் அங்கேதான் தொங்கும். அடுத்த முறை எந்த அமைச்சர் யாரைப் பிடித்துக் கொடுத்தாலும், கதவைச் சாத்தப்போவது இந்தக் கைதான். இன்றைக்கு அது தன் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

"முடிவு பண்ணிச் சொல்லுங்க," என்றான் சடையன். "காலைல வந்து கேக்கறேன்."

கதவு தடால் என்று சாத்திக்கொண்டது. இந்த முறை இரண்டாவது சத்தமும் கேட்டது: யாளிப் பூட்டு தாழ்வளையத்தைக் கவ்விக்கொள்ளும் சத்தம்.